பிரம்பு வந்த வழி



பிரம்பு என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு உள்ளங்கை தானாகச் சுருங்கும். பள்ளி ஆசிரியரின் மேசைமேல் கிடந்த பிரம்பும், வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய பிரம்பும் எளிதில் மறந்துபோகிறவை அல்ல. இங்கே நாம் அதைப் பிரம்பு என்று சொல்வதைவிட ரோத்தான் என்று சொல்வதே மிகுதி. ‘ரோத்தானை எடுக்கட்டுமா?’ என்று அம்மா ஒரு வார்த்தை கேட்டால் போதும். பெரும்பாலும் எடுக்க வேண்டிய தேவையே வராது. ஆனால், அந்த ரோத்தான் எங்கே முளைத்தது, யார் அதை வெட்டிச் சுமந்தார்கள், எத்தனை கை மாறி அந்த ஆணிக்கு வந்து சேர்ந்தது என்று கேட்டால் விடை சொல்வோர் குறைவு. இன்று நாம் அந்த வழியைப் பார்க்கப் போகிறோம்.

தமிழருக்குப் பிரம்பு புதிய பொருள் அன்று. புட்டுக்கு மண் சுமந்த கதையைக் கேட்காத தமிழ்க் குழந்தை உண்டா? வைகையின் கரையை அடைக்க வந்தி என்னும் பாட்டியின் பங்குக்குக் கூலியாளாக வந்த சிவபெருமானைப் பாண்டியன் அடித்தானே, அந்தக் கோல் பிரம்புதான். அந்த ஓர் அடி எல்லார் முதுகிலும் விழுந்தது என்பது கதை. அதற்கும் மிகப் பழைய குறுந்தொகையிலேயே பிரம்பு வருகிறது. குளக்கரைப் பிரம்பின் பழம் நீரில் விழ, மீன் அதைக் கவ்வுவதை ஒரு பாட்டு காட்டுகிறது. அந்தப் பழத்தின் மேலுள்ள வரியைக்கூடப் புலவர் விட்டுவிடவில்லை. தமிழகத்திலும் இலங்கையிலும் ஆற்றோரம், குளத்தோரம் வளரும் பிரம்பு அது. அதற்கு 1753-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் ‘கலமஸ் ரோத்தாங்’ என்று அறிவியல் பெயர் சூட்டினார். நம் முன்னோர் கப்பலேறுவதற்கு வெகுகாலம் முன்பே, நம் ஊர்ப் பிரம்பு மலாய்ப் பெயர் ஒன்றை ஏற்றுக்கொண்டுவிட்டது!

ரோத்தான் என்னும் மலாய்ச் சொல், சீவுதல், செதுக்குதல் என்ற பொருளுள்ள ‘ராவுத்’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்பர். சீவிப் பயன்படுத்துகிற பொருளுக்கு அது பொருத்தமான பெயர்தான்.

இனி, செடியைப் பார்ப்போம். பிரம்பும் மூங்கிலும் உறவு என்று நினைப்பவர்கள் நம்மிடையே உண்டு. அப்படி இல்லை. மூங்கில் புல் இனம், உள்ளே குழல். பிரம்பு உள்ளே கெட்டியானது. அது பனை இனம். ஆம், தென்னைக்கும் பாக்குக்கும் செம்பனைக்கும் அது உறவு. பனை என்றால் நிமிர்ந்து நிற்பது என்றுதானே நமக்குப் பழக்கம்? இந்தப் பனைக்கோ தன் காலில் நிற்கத் தெரியாது. இளஞ்செடியாக இருக்கையில் காட்டுத் தரையில் நான்கு ஓலைகளோடு ஆண்டுக்கணக்கில் ஒடுங்கிக் கிடக்கும். மேலே ஒரு மரம் சாய்ந்து வெளிச்சம் விழுந்ததோ, அதற்குப் பிறகுதான் எழும்பத் தொடங்கும். எழும்பினால் பிடித்துக்கொள்ள ஒரு மரம் வேண்டும்.

பிடிக்கும் வழி வியப்பானது. வெற்றிலைக் கொடியைப்போல வேர் விட்டு ஒட்டுவதில்லை. அவரைக் கொடியைப்போலச் சுற்றுவதும் இல்லை. ஓலையின் நுனி நீண்டு ஒரு சாட்டை ஆகிறது. சில இனங்களில் தண்டை மூடிய உறையிலிருந்து சாட்டை கிளம்புகிறது. அந்தச் சாட்டை நெடுகிலும் பூனை நகம்போல் பின்னோக்கி வளைந்த முட்கள். காற்றில் ஆடும்போது பக்கத்து மரக்கிளையில் மாட்டினால் மாட்டியதுதான். முன்னே போகலாம், பின்னே வர முடியாது. காட்டில் நடப்பவரின் சட்டையில் அது சிக்கினால், இழுக்காமல் பின்னால் ஓரடி வைத்து மெல்ல விடுவித்துக்கொள்ள வேண்டும். இழுத்தால் சட்டையோடு தோலும் வரும்.

உலகில் பிரம்பு இனங்கள் ஏறத்தாழ 600. மலாயாத் தீபகற்பத்தில் மட்டும் நூற்றுக்கும் மேல் உண்டு. ஜான் டிரான்ஸ்ஃபீல்டு என்னும் ஆங்கிலத் தாவர அறிஞர் இவற்றை ஒவ்வொன்றாக விவரித்து 1979-இல் ஒரு நூலே வெளியிட்டார். பெரும்பாலான இனங்களில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பழம் பாம்புத் தோல்போல் செதில் செதிலாக இருக்கும். சங்கப் புலவர் கண்ட வரி இதுதான். ஜெர்னாங் என்ற வகையின் காயில் சிவந்த பிசின் கசியும். அதைச் சீனர் மருந்துக்கு வாங்கினார்கள். ஐரோப்பாவில் வயலினுக்குப் பூசும் மெருகெண்ணெயில் சேர்த்தார்கள். இன்னொரு வகையில் ஓலையின் அடி உப்பிய இடத்தில் எறும்புகள் குடியிருக்கும். கொடியைத் தொட்டால் ஆயிரம் எறும்பும் ஒன்றாய்த் தட்டிச் சலசலவென்று ஒலி எழுப்பும். தெரியாதவர் அதைப் பாம்பென்று எண்ணி ஓடுவார். தெரிந்தவரும் கொஞ்சம் தள்ளித்தான் நிற்பார்.

இத்தனை இனங்களில் இரண்டை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வோம். ஒன்று, ரோத்தான் சேகா. மெல்லியது, பளபளப்பானது, பாய்க்கும் கூடைக்கும் நாற்காலிப் பின்னலுக்கும் இதற்கு இணையில்லை. இது தூறாக வளரும். ஒரு தண்டை வெட்டினால் அடியிலிருந்து வேறு தண்டு கிளம்பும். மற்றொன்று, ரோத்தான் மனாவ். பெருவிரலைவிடப் பருத்தது, நாற்காலியின் காலும் சட்டமும் இதுதான். மரமேறி, உச்சியில் போய், தன் எடையால் சரிந்து, மறுபடி ஏறி, 100 மீட்டருக்கும் மேல் நீண்டுவிடும். ஆனால், மனாவ் ஒற்றைத் தண்டு. அதை வெட்டினால் அதோடு அந்தச் செடி முடிந்தது, மறுபடி துளிர்க்காது. விதை விழுந்து, முளைத்து, வெளிச்சத்துக்குக் காத்திருந்து, வெட்டும் அளவுக்கு வர 15 ஆண்டுகளாவது ஆகும். பின்னால் சொல்லப்போவதற்கெல்லாம் இந்த வேறுபாடுதான் அடிப்படை.

மலாய் மக்களின் வாழ்வில் ரோத்தான் இல்லாத இடம் இல்லை. ஆணி இல்லாமல் வீட்டைக் கட்டினார்கள். கம்பும் கம்பும் சேரும் இடத்தை ரோத்தான் கட்டியது. படகின் கயிறு, மீன் பிடிக்கும் பூபு, சுமை தூக்கும் கூடை, காட்டாற்றின் குறுக்கே தொங்கு பாலம் எல்லாம் அதுவே. இளங்குருத்தைச் சமைத்து உண்பதும் உண்டு. விளையாட்டிலும் அது இருந்தது. இன்று செபாக் தக்ராவ் என்று நாம் அறியும் ஆட்டத்தின் முன்னோடியான செபாக் ராகாவில், பந்து ரோத்தானால் பின்னியது.

அந்தப் பந்தைப் பற்றி ‘செஜாரா மெலாயு’ என்னும் பழைய மலாய் வரலாற்று நூல் ஒரு துயரக் கதையைச் சொல்கிறது. 15-ஆம் நூற்றாண்டு மலாக்கா. சுல்தான் மன்சூர் ஷா ஆண்ட காலம். பெண்டஹாரா துன் பேராக்கின் மகன் துன் பெசார் தெருவில் நண்பர்களோடு ராகா ஆடிக்கொண்டிருந்தான். சுல்தானின் மகன் ராஜா முகம்மது அவ்வழியே குதிரையில் வந்தார். உதைத்த பந்து இளவரசரின் தலைப்பாகையில் பட்டு, அது கீழே விழுந்தது. அந்தக் கோபத்தில் துன் பெசாரின் உயிர் போயிற்று. பெண்டஹாராவின் ஆட்கள் ஆயுதத்தோடு திரண்டார்கள். மகனை இழந்த துன் பேராக்கோ, அரசருக்கு எதிராக எழக்கூடாது என்று அவர்களைத் தடுத்துவிட்டார். ஆனால், இந்த இளவரசர் தமக்கு அரசராக வரக்கூடாது என்பதில் மட்டும் உறுதியாக நின்றார். ராஜா முகம்மது மலாக்காவை விட்டு அனுப்பப்பட்டு, பகாங்கின் சுல்தான் ஆனார். ஓர் அரச மரபு பிறந்த கதையில் ஒரு ரோத்தான் பந்துக்குப் பங்கிருக்கிறது என்பது நமக்குச் சற்று வேடிக்கையாகவும் தோன்றுகிறது. அந்தத் தந்தையை நினைத்தால் வேடிக்கையாகவும் இல்லை.

சரி, இந்த ரோத்தானைக் காட்டிலிருந்து கொண்டுவந்தவர்கள் யார்? அவர்களின் பெயர் எந்த அரசர் வரலாற்றிலும் பெரிதாக வராது. அவர்கள் ஓராங் அஸ்லி என்று நாம் இன்று அழைக்கும் பூர்வகுடி மக்கள். செமாய், தெமுவான், ஜா ஹுட், செமெலாய், ஜக்கூன் என்று பல குலத்தவர். ரோத்தான், டாமார் பிசின், காரு என்னும் அகில் கட்டை ஆகியவை அவர்கள் கையால்தான் ஆற்றங்கரைக்கு வந்தன. அங்கிருந்து படகேறின.

வேலை எப்படிப்பட்டது என்று பார்ப்போம். முதலில் செடியைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கே ஒரு நாள் போகலாம். ஊருக்கு அருகில் இருந்தவை முன்பே வெட்டப்பட்டிருக்கும். கண்டபின், முதிர்ந்ததா என்று அடியைப் பார்த்துத் தேர வேண்டும். முதிர்ந்த தண்டின் கீழ்ப்பகுதியில் முள்ளுறை காய்ந்து கழன்று, பச்சைத் தண்டு வெளியே தெரியும். இடுப்பளவில் பாராங் கத்தியால் வெட்டி, வெட்டிய முனையைப் பிடித்து இழுக்க வேண்டும். மேலே நூறு நகங்கள் பத்து மரங்களைப் பற்றிக்கொண்டிருக்கும். ஒருவர் இழுப்பது போதாமல் இருவர், மூவர் சேர்ந்து இழுப்பார்கள். இழுக்க இழுக்க முள்ளுறையைப் பாராங்கால் தட்டி நீக்குவார்கள். அல்லது தண்டை ஒரு மரத்தில் சுற்றி இழுத்து உரிப்பார்கள். அப்போது மேலிருந்து காய்ந்த கிளை முறிந்து விழும், குளவிக் கூடு விழும், எறும்பு கொட்டும். எவ்வளவு இழுத்தாலும் வராத நுனிப்பகுதியை மேலேயே விட்டுவிட வேண்டியதுதான். மனாவ் என்றால் ஏறத்தாழ 3 மீட்டர் துண்டுகளாக வெட்டுவார்கள். சேகாவை நீளமாக விட்டு இரண்டாய் மடித்துக் கட்டுவார்கள். பிறகு தோளில் சுமை. பச்சை ரோத்தான் நீர் நிறைந்தது, கனக்கும். மேடு பள்ளம், ஓடை, சேறு எல்லாம் கடந்து வண்டிப் பாதைக்கு வர வேண்டும். வந்தாலும் நிம்மதி இல்லை. சில நாட்களுக்குள் பக்குவம் செய்யாவிட்டால் பூஞ்சை பிடித்துத் தண்டில் நீலக்கறை விழும். கறை விழுந்தால் விலையும் விழும். அதனால், வாங்குகிறவர் சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டியதாகிறது. ‘விற்க மாட்டேன், திருப்பிக் காட்டுக்கே கொண்டுபோகிறேன்’ என்று சொல்ல முடியுமா?

பழங்காலத்தில் இதற்குப் பணம் இல்லை. உப்பு, இரும்பு, துணி, புகையிலை ஆகியவைதான் மாற்று. உப்பும் இரும்பும் காட்டில் கிடைக்காதவை. அவை இல்லாமல் வாழவும் முடியாது. வணிகர் முன்கூட்டியே சரக்கைக் கொடுத்துவிடுவார். ரோத்தான் வந்ததும் கழிப்பார். கணக்கு அவர் கையில். கழித்தாலும் மிச்சக் கடன் நிற்கும். பழைய தோட்டங்களில் கடைக் கணக்கு எப்படி நடந்தது என்று தாத்தா பாட்டி சொல்லக் கேட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பிற்காலத்தில் வன இலாகாவின் உரிமம் வந்தது. உரிமம் எடுக்கப் பணமும் எழுத்தறிவும் பழக்கமும் வேண்டும். அதனால், அது பெரும்பாலும் தவுக்கே கையிலோ குத்தகைக்காரர் கையிலோ இருந்தது. காட்டை அறிந்தவர் கையில் பாராங் மட்டும் இருந்தது.

ஆற்றங்கரையில் ஏறிய ரோத்தான் போய்ச் சேர்ந்த பெரிய சந்தை சிங்கப்பூர். 1819-இல் ஆங்கிலேயர் துறைமுகம் அமைத்த பிறகு, போர்னியோ, சுமத்திரா, சுலவேசி, மலாயா ஆகிய எல்லாக் கரைகளின் ரோத்தானும் அங்கே குவிந்தது. சீனர் பட்டறைகளில் அதைத் தரம் பிரித்தார்கள். சேகாவின் மேல்தோலில் மணல்போல் ஒரு கடினப் பூச்சு உண்டு. தண்டைக் குச்சிகளுக்கிடையே முறுக்கி இழுத்து அதைக் கழற்றுவார்கள். பிறகு கழுவி, உலர்த்தி, கந்தகப் புகை போடுவார்கள். தண்டு தந்தம்போல் வெளிர் மஞ்சளாகும். மனாவை நீண்ட தொட்டியில் மண்ணெண்ணெயிலோ டீசலிலோ வேகவைத்து வெயிலில் நிறுத்துவார்கள். சிங்கப்பூர்ச் சிராங்கூன் சாலை வட்டாரத்தில் ‘ரோத்தான் லேன்’ என்றொரு சந்து இன்னும் இருக்கிறது. நம்மவர் மளிகைக்கும் பூவுக்கும் கோயிலுக்கும் போகும் அந்த வட்டாரம் ஒரு காலத்தில் மாட்டுத் தொழுவமும் ரோத்தான் பட்டறையும் நிறைந்திருந்தது.

அங்கிருந்து ரோத்தான் உலகமெல்லாம் போயிற்று. ரோத்தான் செமாம்பு என்ற பழுப்பு நிறப் பிரம்பு, ‘மலாக்கா கேன்’ என்ற பெயரில் ஐரோப்பியச் சீமான்களின் கைத்தடி ஆயிற்று. வெள்ளிப் பூண் போட்டு அதைச் சுழற்றிக்கொண்டு நடப்பது 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் ஒரு கௌரவம்.

அமெரிக்காவுக்கு அது போன விதம் இன்னும் சுவையானது. கிழக்கேயிருந்து போகும் கப்பல்களில் பெட்டிகள் ஆடி நகராமலிருக்க, இடுக்குகளில் பிரம்புக் கட்டுகளைத் திணிப்பார்கள். பாஸ்டன் துறைமுகத்தில் சரக்கை இறக்கியதும் அந்தப் பிரம்பைக் குப்பையாக எறிந்துவிடுவார்கள். 1844-இல் சைரஸ் வேக்ஃபீல்டு என்னும் மளிகை வணிகர் அந்தக் குப்பையைப் பார்த்தார். கொஞ்சம் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய் விற்றுப் பார்த்தார், விலை போயிற்று. 1855-இல் தம் பெயரிலேயே பிரம்பு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். தோலை உரித்து நாற்காலிப் பின்னல், உள்ளிருக்கும் சோற்றைக் கூடையாகவும் தொட்டிலாகவும் ஆக்கினார், எதையும் எறியவில்லை. பிற்காலத்தில் அமெரிக்க ரயில் வண்டி, டிராம் வண்டி இருக்கைகள்கூடப் பிரம்பால் பின்னப்பட்டன. அவருடைய ஊரான சவுத் ரீடிங், 1868-இல் நன்றியோடு தன் பெயரையே வேக்ஃபீல்டு என்று மாற்றிக்கொண்டது. திறமைசாலிதான், மறுப்பதற்கில்லை. ஆனாலும், ரோத்தானை வாங்கி விற்றவர் பெயரில் ஓர் ஊர் இருக்கிறது. அதை இழுத்துச் சுமந்தவர் பெயரில் மலாயாக் காட்டில் ஓர் ஓடைகூட இருப்பதாக நமக்குத் தெரியவில்லை.

பக்குவமான ரோத்தான் தோட்டங்களுக்கும் திரும்பி வந்தது. இரண்டு உருவங்களில் வந்தது. துரை பங்களாவின் வராந்தாவில் நீண்ட கைகளுள்ள சாய்வு நாற்காலியாகக் கிடந்தது ஓர் உருவம். வெயில் தாழ்ந்ததும் துரை கால் நீட்டிக்கொள்வார். பிரம்புப் பின்னலின் வழியே காற்று வரும். மற்ற உருவத்தைச் சொல்ல வேண்டியதில்லை. 19-ஆம் நூற்றாண்டில் பினாங்கை அடுத்த வெல்லஸ்லி மாநிலக் கரும்புத் தோட்டங்களில், ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம்மவரை அடித்துத் துன்புறுத்திய வழக்குகள் பிரிட்டிஷ் ஆட்சியின் ஆவணங்களிலேயே இருக்கின்றன. புட்டுக் கதையில் கூலியாளின் முதுகில் விழுந்த அடி எல்லார்மீதும் விழுந்தது. தோட்டத்திலோ அடி அடிபட்டவரோடு நின்றுவிட்டது. சட்டத் தண்டனையாகவும் ரோத்தான் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நிலைபெற்றது.

இதனிடையே காடு என்ன ஆயிற்று? 1890-களில் தொடங்கிப் பால்மரம் பரவியது. தாழ்நிலக் காடுகள் விழுந்தன. விழுந்த காட்டின் மண்ணில்தான் நம் முன்னோர் கன்று நட்டார்கள், களை வெட்டினார்கள், பிள்ளை பெற்றார்கள். நமக்கு வாழ்வு வந்த அதே நிலம் ஒரு செமாய் அல்லது தெமுவான் குடும்பத்துக்கு ரோத்தான் காடாக இருந்திருக்கும். இதில் பால் வெட்டியவர் மேல் பழியில்லை. நிலத்தைப் பிரித்துக் கொடுத்தவர் அவர் அல்லர். ஆனால், உண்மை உண்மைதான். பின்னர், நாட்டு விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் மர வெட்டும் நிலத் திட்டங்களும் பெருகின. ஏறிக்கொள்ள மரம் இல்லாத இடத்தில் ரோத்தானுக்கு வாழ்வில்லை. எஞ்சிய காட்டிலோ, 1970-களில் உலகெங்கும் பிரம்பு நாற்காலி மோகம் ஏறவே, மனாவை இளசு முதிர்ச்சி பாராமல் வெட்டினார்கள். ஒற்றைத் தண்டுச் செடி என்று முன்பு சொன்னோமே, அதன் பலன் இப்போது தெரிந்தது. காட்டுக்குள் போகிறவர் இன்னும் தொலைவு நடக்க வேண்டியதாயிற்று.

1979 ஜூன் மாதம் பல நாட்டு அறிஞர்கள் சிங்கப்பூரில் கூடி ரோத்தானைப் பற்றியே ஒரு பட்டறை நடத்தினார்கள். இந்தோனேசியா 1986-இல் பச்சை ரோத்தான் ஏற்றுமதியைத் தடை செய்தது. 1988-இல் பாதி பக்குவமான ரோத்தானுக்கும் தடை அறிவித்தது. நாற்காலியை எங்கள் நாட்டிலேயே செய்கிறோம் என்பது அதன் எண்ணம். பிறர் காட்டை நம்பியிருந்த சிங்கப்பூர்ப் பட்டறைகள் சரக்கின்றித் தளர்ந்தன.

அப்போதுதான் ஒரு விந்தை நடந்தது. காடு அழிந்து பால்மரம் வந்தது என்றோமே, ரோத்தான் ஏறிக்கொள்ள அந்தப் பால்மரமே ஆகாதா என்று கேட்டார்கள். கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகம் முன்பே விதை முளைப்பு, நாற்று, நிழல் பற்றியெல்லாம் ஆராய்ந்து வந்தது. 1980-களில் பால்மர வரிசைகளுக்கிடையே மனாவ் நட்டுப் பார்த்தார்கள். சிறு தோட்டக்காரர்களுக்கும் நாற்று போயிற்று. கணக்கு அழகாகத்தான் இருந்தது. பால்மரத்தை 25, 30 ஆண்டுகளில் வெட்டி மறுநடவு செய்கிறோம். மரம் பாதி வயதில் இருக்கும்போது மனாவ் நட்டால், மரம் விழும் வேளையில் ரோத்தானும் முதிர்ந்திருக்கும். மரத்தோடு சேர்த்து வெட்டிக்கொள்ளலாம். பால் விலை விழுந்தாலும் கைகொடுக்க ஒரு வருமானம்.

ஆனால், காகிதத்தில் முள் இல்லை. விடியுமுன் மரத்தடியில் பால் வெட்டப் போகிறவரின் முகத்துக்கு நேரே சாட்டை தொங்கினால் என்ன செய்வது? வெட்டுமரங்களுக்கு இடையே ஓடி ஓடி வேலை செய்கிறவருக்கு ஒவ்வொரு வரிசையும் ஒரு வேலி ஆகிவிடும். முதிர்ந்த மனாவின் பாரத்தில் பால்மரக் கிளைகளும் முறிந்தன. இதற்கெல்லாம் மேலாக, 15 ஆண்டு காத்திருக்க வேண்டுமே! அதற்குள் தோட்டத்தின் போக்கே மாறிவிட்டது. ஒன்றன்பின் ஒன்றாகப் பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்டார்கள். அந்தத் தோட்டங்களில் மனாவுக்கு இடமில்லாமல் போயிற்று. நம்மில் பலருக்கும் அங்கே இடமில்லாமல் போனது வேறு கதை.

ரோத்தானைப் பயிராக்கவே முடியாதா என்றால், அப்படியும் இல்லை. போர்னியோவின் இந்தோனேசியப் பகுதியான கலிமந்தானில் தாயாக் மக்கள் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே சேகாவைப் பயிராக்கி வருகிறார்கள். அவர்களின் முறை எளியது. காட்டில் ஒரு துண்டைத் திருத்தி நெல் விதைப்பார்கள். நெல்லோடு சேகாவையும் நடுவார்கள். ஓரிரு போகத்துக்குப் பின் அந்த நிலத்தை விட்டுவிட்டு அடுத்த துண்டுக்குப் போவார்கள். விட்ட நிலத்தில் காடு மீண்டும் எழும். சேகா அதன்மேல் ஏறும். 7, 8 ஆண்டு கழித்து வந்து வெட்டுவார்கள். தூறு மறுபடி தழைக்கும். பணம் தேவைப்படும்போது வெட்டுவது, இல்லாவிட்டால் விட்டு வைப்பது. ரோத்தான் தோட்டம் அவர்களுக்குச் சேமிப்புப் புத்தகம்போல. மனாவை விட்டுச் சேகாவைத் தேர்ந்தது அவர்கள் அனுபவத்தின் கெட்டிக்காரத்தனம் என்றே நாம் நினைக்கிறோம். காடு அவர்கள் வசம் இருந்ததும் ஒரு காரணம். மறுமுறை வந்து வெட்ட முடியும் என்ற உறுதி உள்ளவர்தானே ஆண்டுகள் காத்திருப்பார்?

நம் வீடுகளிலும் மாற்றம் வந்தது. செபாக் தக்ராவ் பந்து 1980-களில் பிளாஸ்டிக்குக்கு மாறியது. பிரம்பு நாற்காலி என்று கடையில் விற்பவற்றுள் பல இன்று பிளாஸ்டிக் பின்னல்தான். கண்டுபிடிப்பது கடினமன்று. உண்மைப் பிரம்பில் இடையிடையே ஓலை விழுந்த கணு தெரியும். ஒவ்வொரு கணுவுக்கும் இடைவெளி சற்றே வேறுபடும். பிளாஸ்டிக்கில் கணு இருக்காது. இருந்தாலும் அச்சடித்ததுபோல் ஒரே அளவாக இருக்கும். பாட்டி காலத்துப் பிரம்பு நாற்காலி வீட்டில் இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, பின்னல் அறுந்த இடத்தை மட்டும் புதுப்பித்தால் இன்னொரு தலைமுறை உட்காரலாம்.

காட்டுப்பொருளுக்கு உண்மையில் என்ன மதிப்பு என்ற கேள்வி ஒருமுறை நீதிமன்றத்துக்கும் போயிற்று. ஜொகூரில் லிங்கியூ என்னும் இடத்தில் அணை கட்டுவதற்காகப் பெருங்காடு ஒன்று எடுக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அங்கே காட்டுப்பொருள் சேகரித்து வாழ்ந்த ஜக்கூன் மக்கள் 52 பேர் மாநில அரசின்மேல் வழக்குத் தொடுத்தார்கள். அவர்களிடம் அந்த நிலத்துக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாவிட்டாலும், காட்டில் திரிந்து பிழைக்கும் உரிமை அவர்களுக்குத் தொன்றுதொட்டு உண்டு. அதை எடுத்துக்கொண்டால் ஈடு கொடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் கூறியது. 2 கோடியே 65 லட்சம் ரிங்கிட் இழப்பீடு விதித்தது. 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அணையில் தேங்கும் நீர் ஜொகூர் ஆற்றில் இறங்குகிறது. அந்த ஆற்றிலிருந்து சிங்கப்பூரும் தண்ணீர் எடுத்துக்கொள்கிறது.